பூசணம் பிடித்த பதினோரு மூட்டை

அந்த மூட்டைகளை முதலில் திறந்தவள் நான்தான். அக்டோபர் மாதம். மெக்சிகோவில் எங்கள் ஊரான ஒரிசாபாவில் பத்தொன்பது நாளாக வெயில் முகம் காட்டவில்லை. நூல் நூலாக இறங்கும் தூறல், இடையிடையே பேய்மழை, மறுபடி தூறல். துவைத்த துணி காயாமல் நாறியது. ரொட்டி இரண்டாம் நாளே பச்சை பூத்தது. எங்கள் பின்கட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் எப்போது ஓட்டை விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு நேர் கீழேதான் பதினோரு மூட்டை வற்றல் மிளகாய் அடுக்கியிருந்தது. கோமாப்பா மலைப்பக்கத்திலிருந்து வரும் உருண்டை மிளகாய். அதை வைத்துத்தான் எங்கள் வீட்டுக் காரத் துவையல், சல்சா மாச்சா.

வாய்க்கட்டை அவிழ்த்ததும் வழக்கமாக மூக்கைத் தாக்கும் காரநெடி வரவில்லை. நனைந்த நாயைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்து திறந்ததுபோல ஒரு வாடை வந்தது. கையை உள்ளே விட்டேன். கதகதவென்று இருந்தது. ஏதோ ஒரு பிராணியின் வயிற்றுக்குள் கை போனதுபோல. வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவே வெள்ளை நூலாம்படை இழுபட்டது. அதில் அரிசி மணி அளவுப் புழுக்கள் நெளிந்தன. மிளகாயின் தோலில் வெண்பூசணம் பஞ்சாகப் படிந்திருந்தது. அதற்கு அடியில் சாம்பலும் பச்சையுமாக இன்னொன்று. சாக்கடை ஓரத்துக்கு ஓடிப்போய், காலையில் குடித்த காப்பியெல்லாம் வாந்தி எடுத்தேன்.

என் பெயர் எதெல்மிரா. வீட்டில் மிரா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா தொடங்கிய சல்சாத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் கழிந்துவிட்டது. அப்பா போன பிறகு அண்ணன் எவெரார்தோ நடத்தினார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள் துணை: அண்ணி நோயெமி, நான். அண்ணி கடைகளிடம் பேசுவாள். நான் ருசி பார்ப்பேன். "எனக்குக் கை, இவளுக்கு வாய், அவளுக்கு நாக்கு. மூணு பேரும் சேந்தாத்தான் ஒரு முழு மனுஷன்" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மூன்று பண்டம் போடுவோம். பச்சைத் தக்காளிச் சல்சா, கருப்பு அவரை மசியல், அப்புறம் மிளகாயையும் வேர்க்கடலையையும் எள்ளையும் பூண்டையும் எண்ணெயில் பொரித்து அரைக்கும் சல்சா மாச்சா. புட்டியின் மேல் அம்மாவின் படம் இருக்கும். அதற்குக் கீழே, 'அசல் ஒரிசாபா ருசி.'

அண்ணன் கொட்டகைக்கு வந்தபோது கையில் மாவு தூவிய பம்பாஸோ ரொட்டி இருந்தது. மென்றுகொண்டே வந்தார்.

"அண்ணே, எல்லாம் போச்சு. பதினொண்ணும் போச்சு."

அவர் ஒரு மிளகாயை எடுத்துக் கால்சட்டையில் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெல்லுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"இதுவா பூசணம்? மழைக்காலத்துல மிளகாய் லேசா பவுடர் போட்டுக்கும், உங்க அண்ணி மாதிரி."

"புழு இருக்குண்ணே."

"எண்ணெயில விழுந்தா புழுவும் எள்ளும் ஒண்ணுதான். வெட்டுக்கிளிய வறுத்துத் திங்கிற தேசம் இது. நீ என்னடான்னா புழுவுக்கு மூக்கப் பொத்துற."

"வெட்டுக்கிளி புல்லத் தின்னு வளருது. இது எதத் தின்னு வளருதுன்னு கொஞ்சம் பாரு."

அவர் பார்க்கவில்லை. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அடுத்த கடி கடித்தார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த மூட்டைகளை விட்டால் வேறு மிளகாய் கிடையாது என்றார். கோமாப்பா சாலை மண் சரிந்து கிடந்தது உண்மைதான். டிசம்பரில் மாதா திருநாளுக்கு ஊர் முழுக்க யாத்திரைக் கூட்டம் வரும். ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் எங்கள் புட்டி போயாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் புட்டி உட்கார்ந்துவிடும். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"காடியில கழுவுவோம். ரொட்டிக்கடை அடுப்புல உலத்துவோம். அப்புறம் கொதிக்கிற எண்ணெய். நெருப்பு எல்லாத்தையும் தின்னுடும், மிரா."

"வேணாம்ண்ணே."

"சரி, உனக்கு அருவருப்பா இருக்குன்னா நீ ருசி பாக்க வேணாம். இந்த மாசம் அவரை மசியல மட்டும் பாத்துக்க."

நான் வேணாம் என்று சொன்னேன். விடமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் மூன்று வாரம் குடியிருந்தேன்.

எங்களிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கும் அந்த வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள். கழுவும் வேலையை அண்ணனும் அண்ணியுமே செய்தார்கள். அடுப்படிச் சன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் காடித்தண்ணீர். மிளகாயைக் கொட்டியதும் சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. புழுக்கள் மேலே வந்து மிதந்தன. அண்ணி மூக்கில் கைக்குட்டை கட்டி, அதன் மேல் செண்டு தெளித்துக்கொண்டு, பால் ஏட்டை எடுப்பதுபோல வடிகட்டியால் அள்ளி எறிந்தாள். நடுநடுவே கைக்குட்டையை விலக்கித் துப்பினாள். அவள் துப்பிய எச்சிலில் ஒரு பாதி தொட்டிக்குள்ளேயே விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை கேட்டுக்கொண்டு கட்டையால் கிண்டினார்.

நான் சன்னலைச் சாத்திவிட்டு அவரைக்கொட்டை வேகவைக்கப் போனேன்.

நான்கு மூட்டை அப்படிச் சல்சாவாகிப் புட்டிக்குள் போயிற்று. புட்டிகள் கடைகளுக்குப் போயின.

ஆற்றங்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காஸ்துலோவுக்கு நானே அவரை மசியல் கொண்டுபோவது வழக்கம். அறுபது வயது, பெரிய தொந்தி, நல்ல சாப்பாட்டு ரசிகர். அன்றைக்கு நான் போனபோது ஒரு தட்டு வறுத்த பன்றித்தோலை முன்னால் வைத்துக்கொண்டு, எங்கள் சல்சாப் புட்டிக்குள்ளேயே விரலை விட்டு வழித்துச் சப்பிக்கொண்டிருந்தார். மீசை நுனியில் சிவப்பு எண்ணெய் தொங்கியது.

"வா மிரா, வா! உங்க வீட்டு மாச்சா இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல போ! என்னம்மா போட்டீங்க இந்தத் தடவ?"

"எப்பவும் போடுறதுதான்."

"பொய் சொல்லாத. ஒரு மண்வாசன வருது. மழை பெஞ்ச காட்டுல காளான் இருக்குமே, அந்த வாசன. நேத்து ஒரு மெக்சிகோ சிட்டிக்காரன் வந்தான். ரெண்டு புட்டி வாங்கிட்டுப் போனான். 'இதுதான்யா அசல்'னான்."

விரலை மறுபடி உள்ளே விட்டார். நக இடுக்கில் எள்ளோ வேறெதுவோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. நாக்கால் துழாவி அதையும் எடுத்துக்கொண்டார். எனக்கு வாயில் நீர் ஊறியது. பசியால் அல்ல. அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு தாங்களேன்" என்றுதான் வந்தது. பழத்தைக் கடித்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யாராவது ஒருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும். எல்லோரும் புகழ்ந்தார்கள். பக்கத்து முடிதிருத்தகக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "போன மாசத்தவிட இந்த மாசம் தூக்கல்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். என் நாக்கையே கழற்றித் தரையில் போட்டு மிதித்ததுபோல இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் சிவப்பு நூலைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் வைக்க அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தேன். அண்ணி எட்டி என் கையைப் பிடித்தாள்.

"அது இல்ல மிரா. நூல் கட்டினத எடு."

அலமாரியின் உள்தட்டில் பதினைந்து இருபது புட்டிகள் தனியாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல்.

"எதுக்கு நூல்?"

"சும்மா ஒரு அடையாளம். நம்ம வீட்டுக்கு."

அவள் அடுப்படிப் பக்கம் போனதும் ஒன்றைத் திறந்து விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆகஸ்டில் நான் ருசி பார்த்து அனுப்பிய பழைய சல்சா. நல்ல மிளகாய், நல்ல எண்ணெய். அப்படியே கிடந்தது.

அங்கேயே நின்றேன். அண்ணன் அத்தனை நாளும் பேசியதெல்லாம் காதில் ஓடியது. நெருப்பு எல்லாத்தையும் தின்னுடும், புழுவும் எள்ளும் ஒண்ணு, மிளகாய்க்குப் பவுடர். அவர் அதை நம்புகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மக்கு, பிடிவாதக்காரர், சுத்தம் பத்தாதவர் என்று நினைத்தேனே தவிர, வேறு விதமாக நினைக்கவில்லை. ஊருக்கு ஒன்று, தன் வயிற்றுக்கு ஒன்று என்று நூல் கட்டிப் பிரித்து வைத்திருக்கிறார். இதற்குச் சாக்கில் கண்ட பூசணம் எவ்வளவோ மேல். அது தன் இயல்புக்கு வளர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அம்மா அம்பாரோ மேசைத் தலைமாட்டில் உட்காருவாள். எழுபத்தாறு வயதிலும் அவள் குடும்பத் தலைவிதான். அன்றைக்கு அண்ணன் மகள் யாரெட்சியும் கோர்தோபாவிலிருந்து வந்திருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். ஐந்து மாதக் கர்ப்பம். நெஞ்செரிச்சல் என்று காரத்தையே நிறுத்தியிருந்தாள்.

கோழிச்சாறும் தக்காளிச் சோறும் சோள ரொட்டியும் வைத்தார்கள். சல்சாவை நான் கொண்டுவந்து வைத்தேன். நூல் கட்டிய புட்டிதான். ஆனால் அது கடைக்குப் போகும் புட்டி; நல்ல புட்டி ஒன்றின் நூலை அவிழ்த்து இதன் கழுத்தில் காலையிலேயே நான் கட்டியிருந்தேன். அண்ணன் எடுத்துத் தன் தட்டில் போடட்டும், வாய்க்குப் போகும் முன் சொல்லிவிடுவோம், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். அதுவே நல்ல திட்டம் இல்லை.

அண்ணன் பந்தாட்டக் கதையில் இருந்தார். யாரெட்சி புட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னமோ தெரியல அத்த, இன்னிக்கு மாச்சா திங்கணும்போல இருக்கு. பிள்ள கேக்குதுபோல."

ஒரு கரண்டி நிறைய அள்ளிச் சோள ரொட்டியில் பரப்பினாள். அதே நேரம் மூடியைக் கையில் எடுத்து முகர்ந்த அண்ணன் பேச்சை நிறுத்தினார். நானும் பாதி எழுந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுந்தவள் அப்படியே நின்றேன். அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஒரு நொடி நின்றேன்.

அவர் மேசை மேலேயே பாய்ந்தார். சாற்றுக் கிண்ணம் கவிழ்ந்தது. மகள் வாய்க்கருகே போன ரொட்டியைத் தட்டிவிட்டார். அது சுவரில் அப்பி, எண்ணெய் வழிய மெல்லக் கீழே இறங்கியது.

"துப்பு! துப்புடி! வாயில போச்சா?"

"இல்லப்பா. என்னப்பா ஆச்சு?"

"யாரு இத இங்க கொண்டுவந்தது?"

"நான்தான்" என்றேன். "ஏண்ணே, நெருப்பு எல்லாத்தையும் தின்னுடும்னியே?"

யாரெட்சி தன் அப்பாவைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி மடியிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். அப்போது தலைமாட்டிலிருந்து அம்மா பேசினாள். கோபமே இல்லை. காலணியோடு உள்ளே வந்துவிட்ட பிள்ளையைக் கண்டிக்கும் குரல்.

"ஏன் மிரா இத உள்ள கொண்டுவந்த? இது வெளியில விக்கிறதுக்குத்தானே."

என் அம்மா. புட்டி புட்டியாக ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் அதே முகம். சாறு மேசை விளிம்பிலிருந்து அவள் மடியில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. தொடவே பிடிக்கவில்லை.

யாரெட்சி அன்று மாலைக்குள் கிளம்பிவிட்டாள். அண்ணன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் பையை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, புழு, தொட்டி, நூல். அவள் நிழற்குடையின் கீழ் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அத்த, அப்ப உங்களுக்கும் தெரியும்?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"மூணு வாரம்."

அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்ததும் ஏறினாள். நான் நின்ற பக்கத்துச் சன்னலோர இருக்கை காலியாக இருந்தும் மறுபக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதலில் காஸ்துலோவிடம் போனேன். இந்த முறை சொல்லிவிட்டேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். முகம் கோணியது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்கு. இப்ப உங்களுக்கு."

"சரி. யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

"ஆகல."

"அப்புறம் என்ன? பாதி ஊரு சாப்பிட்டாச்சு. ஒருத்தனும் சாகல. மிளகாயே ஒரு விஷம், அது பூசணத்த உயிரோட விட்டுருமா? நீ வீட்டுக்குப் போ, தாயி. அண்ணன் தங்கச்சி சண்டைய தெருவுக்குக் கொண்டுவராத."

அப்போது ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. பரிமாறும் பெண் அவர்கள் மேசையில் எங்கள் புட்டியை வைத்தாள். காஸ்துலோ பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார். எடுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு இனிமே மாச்சா வேணாம். எலுமிச்சையும் உப்பும் வெச்சிரு" என்றார்.

இங்கேயும் ஒரு நூல். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் அந்தக் குடும்பத்தின் மேசைக்குப் போய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே காஸ்துலோ கத்தினார். "பைத்தியம்! பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு!"

வீட்டுக்கு வந்தேன். அண்ணனும் அண்ணியும் புட்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கொட்டகையில் ஏழு மூட்டை மிச்சம். முன்பைவிட நன்றாக விளைந்திருந்தன. சாக்குக்கு வெளியேயே வெள்ளை ரோமம் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்தேன். இழுத்த தடமெல்லாம் புழு. ஒரு மூட்டை அடிப்பக்கம் இற்றுப்போய்க் கிழிந்து, ஈரமான கறுப்புக் கூழ் என் பாதத்தில் சரிந்தது. அலறிவிட்டேன். காலை உதறினேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மண்வெட்டியால் வாரிக் குவித்தேன். பொரித்து மிஞ்சிய எண்ணெய் இரண்டு டின் இருந்தது. மேலே ஊற்றினேன். தீக்குச்சி கிழித்தேன்.

ஏழு மூட்டை மிளகாயைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. தூறல் நாள். புகை மேலே போகாமல் மதிலைத் தாண்டித் தெருவில் படுத்துவிட்டது. முதலில் நாய்கள் ஓடின. அப்புறம் முடிதிருத்தகத்திலிருந்து ஒரு ஆள் பாதி மழித்த முகமும் சோப்பு நுரையுமாக வெளியே ஓடிவந்தான். வீடு வீடாகக் கதவுகள் திறந்தன. இருமல், தும்மல், வசவு. கிழவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் மூடித் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் ஓடினாள். நானும் கண் தெரியாமல், தொண்டை கமறி, வாசற்கதவைத் திறந்துகொண்டு தெருவில் வந்து விழுந்தேன்.

"யாருடி இது மிளகாய எரிக்கிறது? எவளுக்குடி செய்வினை வெக்கிற?" என்று எதிர்வீட்டு செனாய்தா கத்தினாள்.

"பூசணம் பிடிச்ச மிளகாய்" என்றேன். இருமல் விட்டுவிட்டு வந்தது. "புழு வெச்ச மிளகாய். எங்க வீட்டு மிளகாய். நாலு மூட்டைய நீங்க தின்னுட்டீங்க. மிச்சம் ஏழ நான் எரிக்கிறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெல்லப் புரிந்தது. அதை அவர்கள் முகங்களில் பார்த்தேன். உதடு சுருங்கியது, தொண்டைக் குமிழ் மேலும் கீழும் ஏறி இறங்கியது. செனாய்தா நடைபாதை ஓரம் குனிந்து விரலை வாய்க்குள் விட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. முடிதிருத்தகக்காரர் சுவரில் கை வைத்துத் துப்பினார், துப்பினார், துப்பிக்கொண்டே இருந்தார். தெரு முழுக்க எச்சிலும் வாந்தியும் கண்ணீரும்.

தீயணைப்பு வண்டி வந்து நனைத்துவிட்டுப் போயிற்று. அண்ணன் வந்தபோது புகை பாதி அடங்கியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் இரண்டு மூச்சு இழுத்ததும் மடங்கி உட்கார்ந்துவிட்டார். செனாய்தா அவர் முன்னால் போய் நின்றாள்.

"எவெரார்தோ, உன் தங்கச்சி சொல்றது நெசமா?"

"கழுவித்தான் போட்டோம்" என்றார் அவர். கண்ணும் மூக்கும் ஒழுக, ஒரு பெரிய ஆம்பிளை, தெருவில் உட்கார்ந்துகொண்டு. "நல்லாக் கழுவித்தான் போட்டோம்."

அதற்கு மேல் அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாளில் புட்டிகள் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் கையில் கொடுக்கவில்லை. வாசலில் போட்டு உடைத்தார்கள். படியெல்லாம் சிவப்பு எண்ணெய் ஓடிக் காய்ந்து பிசுக்காகி, அதில் ஈக்கள் கால் ஒட்டிச் செத்தன. பல நாள் கழுவியும் அந்த வாடை போகவில்லை. என்னிடமும் யாரும் வந்து நன்றி சொல்லவில்லை. நாம் தின்னும்போது வாயை மூடிக்கொண்டிருந்தவள்தானே என்று என் காதுபடவே பேசினார்கள். அது நியாயம்தான். காஸ்துலோ மட்டும் தன் கடையில் எங்கள் சல்சா ஒருநாளும் வைத்ததே இல்லை என்று சாதித்தார். சிலர் நம்பினார்கள்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அந்த வாரமே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோர்தோபாவுக்குப் போனேன். யாரெட்சி கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சொல்லாமல் என் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். இப்போது காலைச் சிற்றுண்டிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். விடிந்ததும் பச்சைத் தக்காளியைச் சுட்டு அரைப்பேன். மதியம் மிச்சமிருந்தால் கொட்டிவிடுவேன். முதலாளி அம்மாள் முணுமுணுப்பாள். அவளுக்கு நான் காரணம் சொன்னதில்லை. மிளகாய் வற்றலை மட்டும் இன்றுவரை கையால் தொட முடியவில்லை. யாராவது அள்ளும்போது அந்தச் சலசலப்பைக் கேட்டாலே விரலுக்கு நடுவில் ஏதோ நெளிகிறது.

அண்ணன் ஒரு வருடம் சும்மா இருந்தார். அப்புறம் பக்கத்து ஊரில், வேறு பெயரில், வேறு படத்தோடு மறுபடி சல்சா போட ஆரம்பித்தார். நன்றாகப் போகிறதாம். இப்போது மிளகாயைப் பார்த்துத்தான் வாங்குகிறார் என்றாள் யாரெட்சி. இருக்கலாம். எனக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை.

யாரெட்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எல்லோரும் வந்தார்கள். அம்மா என் கன்னத்தில் முத்தமிட்டாள், உதடு படாமல். நான்தான் சமைத்திருந்தேன். அண்ணன் கடைசியாக வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். தட்டை வைத்து, அவரை மசியலும் இறைச்சியும் போட்டு, பச்சைச் சல்சாக் கிண்ணத்தை அருகில் நகர்த்தினேன். அவர் கிண்ணத்தைத் தூக்கி முகர்ந்தார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

"இதுல ஒண்ணும் இல்லையே, மிரா?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பயம். வெளியில் எங்கே சாப்பிட்டாலும் இப்படித்தான் கேட்கிறார், பாதியில் தட்டை விட்டு எழுந்துவிடுகிறார் என்று அண்ணி அப்புறம் சொன்னாள்.

"காலையில அரைச்சது" என்றேன்.

கரண்டி நுனியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். காத்திருந்தார். பிறகு கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் ரொட்டியைப் பிய்த்து மெல்ல ஆரம்பித்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. மீசைக்குக் கீழே அந்த வாய் அசைவதைப் பார்த்ததும் பழைய குமட்டல்தான் வந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளை அழுகிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.